நிக்கல் ஒவ்வாத கைகள்

தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் நான் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தபோது, எங்கள் ஆய்வகத்தில் தமிழ் பேச இன்னொருத்திதான் இருந்தாள். குழித்துறைக்காரி. தினமும் காலை ரயிலில் தம்பானூர் ஸ்டேஷனில் வந்திறங்கி, பஸ் பிடித்து, நகருக்குள்ளேயே ஸ்ரீவராகத்திலிருந்து வரும் எனக்கு முன்பே வந்துவிடுவாள். மூன்று வயது மூத்தவள் என்பதால் அக்கா என்று கூப்பிட்டேன்.

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனே சில நேரம் உடம்புக்குள் நஞ்சாக மாறும். அதை அடக்க உயிர்களிடம் நொதிகள் உண்டு. மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்களில் அந்த வேலையைச் செய்யும் நொதிக்குள் நிக்கல் இருப்பது அப்போதுதான் தெரியவந்திருந்தது. அதே வேலையைச் செய்யும் சின்ன நிக்கல் சேர்மம் ஒன்றை உண்டாக்குவதுதான் அக்காவின் ஆய்வு. கந்தகம் கலந்த பொருளை மெத்தனாலில் கரைத்து, பச்சை நிற நிக்கல் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் அது செம்பழுப்பாக மாறும். நாற்றம் குடலைப் பிடுங்கும். மாலை ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர்கள் எழுந்து போய்விடுகிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பாள்.

இரண்டாம் வருஷம் அவள் விரலிடுக்குகளில் அரிப்பு வந்தது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். பிறகு கொப்புளம், வெடிப்பு. கையுறை போட்டும் நிற்கவில்லை. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, முதுகில் வெவ்வேறு பொருள் வைத்த பட்டைகளை வரிசையாக ஒட்டி அனுப்பினார்கள். இரண்டு நாள் கழித்துப் பிரித்தபோது நிக்கல் வைத்த இடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. இனி இந்த உலோகத்தைத் தொடவே கூடாது என்றார் டாக்டர்.

அவளுக்கு உதவித்தொகை முடியும் சமயம். வேறு தலைப்பில் முதலிலிருந்து தொடங்க நேரமில்லை என்று பேராசிரியர் சொல்லிவிட்டு, வேலையை என்னிடம் ஒப்படைத்தார். எனக்கு அதுவரை தலைப்பே அமையவில்லை. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அக்காவே ஒவ்வொரு பாட்டிலாகக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள். எதையும் தொட்டுவிடாமலிருக்கக் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள். அந்த வாரமே நின்றுவிட்டாள். ஊர்ப்பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது.

நாலு மாதம் கழித்து, சேர்மம் வேலை செய்கிறதா என்று சோதனை செய்தேன். சோதனைக் கரைசலை வெளிச்சத்தில் வைத்தால் அந்த ஆக்சிஜன் நஞ்சு உண்டாகி நீலம் ஏறும். சேர்மம் நஞ்சை அழித்தால் நீலம் ஏறாது. மற்றக் குழாய்களெல்லாம் நீலமாகிக்கொண்டிருக்க, அக்காவின் கையெழுத்தில் சீட்டு ஒட்டிய பாட்டிலிலிருந்து எடுத்துக் கலந்த குழாய் மட்டும் வெளிறியே நின்றது. சந்தோஷப்பட முடியவில்லை.

கட்டுரை வெளியானபோது பேராசிரியர் பெயரும் என் பெயரும் மேலே இருந்தன. அக்காவின் பெயர் கடைசியில், நன்றி சொல்லும் வரியில். அனுப்புவதற்கு முன்பே எனக்குத் தெரியும். அப்போதே கேட்டுவிடுவது என்று பேராசிரியர் அறை வாசல்வரை போனேன். என்ன என்று நிமிர்ந்து பார்த்தார். ரசாயனம் வாங்கும் சீட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

பிரதியை எடுத்துக்கொண்டு குழித்துறைக்குப் போனேன். அக்கா மெதுவாகப் பக்கங்களைப் புரட்டினாள். விரல்களில் வெடிப்பு இன்னும் ஆறவில்லை. கடைசிப் பக்கத்தில் நன்றி வரிக்கு வந்து நிறுத்தினாள்.

"பேர தப்பில்லாம போட்டிருக்காவ," என்றாள்.

பிறகு கேட்டாள்: "நீலம் ஏறவே இல்லியா?"

"ரொம்பக் கொறச்சல்தான் அக்கா."

"ஒரு தடவ நான் பாத்திருக்கணும்."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அவள் டீ போட்டுத் தந்தாள், வீட்டில் எல்லோரையும் விசாரித்தாள், பஸ் நிற்கும் இடம்வரை கூட வந்தாள். கேட்காமலேயே ஏறிவிட்டேன்.

மறு வருஷம் எனக்குப் பட்டம் கிடைத்தது. குழித்துறை ஒன்றும் தூரமில்லை, நேரமும் இல்லாமலில்லை. ஆனாலும் நான் திரும்பப் போகவில்லை.