அப்பா கையில் நட்ட தோல்

என் அப்பா ஜார்ஜ்டவுனில் பஸ் கண்டக்டராக இருந்தார். ஆயர் ஈத்தாம் போகும் பஸ்ஸில் அவர் நிறுத்தங்களின் பெயரைக் கூவும்போது, எழுந்து நிற்கும் ஆளின் முகத்தைப் பார்த்து மலாய், ஹொக்கியன் சீனம், தமிழ் என்று மொழியை மாற்றிக்கொள்வார். பள்ளி விடுமுறையில் என்னையும் கடைசி இருக்கையில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். அந்தப் பஸ்ஸே எங்களுடையது என்பது என் நினைப்பு.

எனக்கு ஒன்பது வயதானபோது, அப்பா நடுவழியில் நின்றுவிட்ட பஸ்ஸின் ரேடியேட்டர் மூடியை டிரைவருக்கு உதவியாகத் திறக்கப்போனார். கொதிநீர் பீறிட்டு வலது கையில் அடித்தது. புண் ஆறிவிட்டது, நிறம் திரும்பவில்லை. மணிக்கட்டிலிருந்து விரல்கள்வரை புறங்கை முழுக்க வெள்ளையாக நின்றது. அம்மா மருதாணி அரைத்துப் பூசிப் பார்த்தார். அது ஆரஞ்சு நிறத்தில் பிடித்து, பார்க்காதவர்களையும் பார்க்கவைத்தது.

பயணிகள் டிக்கெட்டை நுனியில் பிடித்து வாங்க ஆரம்பித்தார்கள். ஒருநாள் ஓர் அம்மாள் அவர் கையைத் தொடாமலிருக்கக் காசை மேலேயிருந்து போட்டாள். காசு தரையில் உருண்டது. அப்பா குனிந்து பொறுக்கிக்கொண்டே, "சுடுதண்ணி பட்டதும்மா. வேற ஒன்னுமில்ல," என்றார். அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். புகார்கள் டிப்போவுக்குப் போயின. வருடக் கடைசிக்குள் கை சரியாகாவிட்டால் பஸ் கழுவும் பிரிவுக்கு மாற்றிவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் ஒருவர் வழி சொன்னார். அப்பாவின் தொடையிலிருந்து அரிசி அளவில் துணுக்குத் துணுக்காகத் தோலை எடுத்து, வெள்ளைப் பகுதியில் சிறுசிறு குழிகள் போட்டு நட்டார்கள். கைக்கு அடியில் ஒரு பலகையை வைத்துக் கட்டும் போட்டார்கள். தமிழ் நர்ஸ் ஒருவர்தான் எங்களுக்கு விளக்கினார்.

"ஒவ்வொரு புள்ளியிலேர்ந்தும் கலரு மெதுவா பரவும்ண்ணே. பத்து நாளைக்குக் கைய ஆட்டக் கூடாது, எங்கயும் இடிக்கக் கூடாது. துண்டு நகந்துச்சுன்னா அவ்ளோதான்லா."

அம்மா பள்ளிக் கேன்டீனில் சமையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். விடுமுறைக்கால வகுப்புகளுக்குக் கேன்டீன் திறந்திருந்தது. எனக்கோ பள்ளி இல்லை. "அப்பா வாசலத் தாண்டக் கூடாது, நீதான் பாத்துக்கணும்," என்று என்னைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போனார். அந்தக் காவலாளிதான் ஏழாம் நாள் காலை, பெர்ரிக் கப்பலில் போகலாம் என்று பிடிவாதம் பிடித்தது. அப்பா முதலில் மறுத்தார். நான் அழுதேன். பிறகு அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்.

"போயிட்டு ஒடனே திரும்பிடணும். அம்மா வர்றதுக்குள்ள வீட்ல இருக்கணும், சரியா?"

எதிர்க்கரையிலிருக்கும் பட்டர்வொர்த் போகும்வரை ஒன்றும் ஆகவில்லை. திரும்பும் பெர்ரியில், மேல்தட்டுக் கம்பி வேலியருகே நின்றோம். தண்ணீரில் ஜெல்லி மீன்கள் மிதந்தன. "கம்பில ஏறாதே," என்று அப்பா இரண்டு முறை சொன்னார். மூன்றாம் முறை சொல்வதற்குள் நான் கீழ்க்கம்பியில் ஏறி, மேல்கம்பியில் வயிற்றை அழுத்திக் குனிந்திருந்தேன். பெர்ரி துறைமேடையில் பக்கவாட்டில் மோதிக் குலுங்கியது. என் கால் கம்பியைவிட்டு எழும்பியது. தலைக்கு நேர் கீழே பச்சைத் தண்ணீரும், பெர்ரிக்கும் துறைமேடையின் மரத்தூண்களுக்கும் நடுவே சுருங்கிக்கொண்டிருந்த இடைவெளியும் தெரிந்தன.

கட்டுப்போட்ட கை என் இடுப்பை வளைத்து இழுத்தது. பலகை கம்பியில் மோதி முறிந்தது. அப்பாவும் நானும் தட்டில் விழுந்தோம். அவர் மூச்சு வாங்கினார். என்னைத் திட்டவில்லை. இடது கையால் என் தலை, தோள், முட்டி எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். விரல்களின் பக்கம் கட்டுத்துணியில் சிவப்பு ஊறிப் பரவிக்கொண்டிருந்தது.

"அம்மாகிட்ட சொல்லாத," என்றார். "யார்கிட்டயும் சொல்லாத."

அன்று மாலை அம்மாவிடம், குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார். கட்டைப் பிரித்த டாக்டரிடமும் மலாயில் அதையே சொன்னார். மணிக்கட்டுப் பக்கத்துத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. விரல்களில் நட்டவை முழுக்க உதிர்ந்துவிட்டன. "ஒரு பத்து நாள் கவனமா இருக்கத் தெரியலையா?" என்று அம்மா வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். பஸ்ஸில், எல்லார் முன்னாலும். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவுக்கு இவ்வளவு பயப்படுகிறாரே என்று எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது.

மாதங்கள் போகப்போக மணிக்கட்டைச் சுற்றிப் பழுப்புப் புள்ளிகள் பெருத்து ஒன்றோடொன்று சேர்ந்தன. விரல்கள் வெள்ளையாகவே இருந்தன. டிக்கெட் கொடுப்பது விரல்கள்தான். மறுபடியும் தோலை நடலாம் என்று டாக்டர் சொன்னபோது டிப்போ இன்னொரு விடுப்பு தர மறுத்துவிட்டது. வருடக் கடைசியில் அவரைப் பஸ் கழுவ மாற்றினார்கள். கால்சட்டை முழங்கால்வரை நனைந்து, சோப்பு வாடையோடு நான்கு மணிக்கே வீடு வந்தார். எனக்கு அதில் சந்தோஷம்தான். அவர் அதிகம் பேசாததை நான் கவனிக்கவில்லை.

அப்படி ஒரு மாலை, துருவிய ஐஸில் சிரப் ஊற்றித் தரும் ஐஸ் காச்சாங் வாங்கித் தரச் சொன்னேன். சளி பிடிக்கும் என்றார்.

"வாங்கித் தரலன்னா பெர்ரியில போனத அம்மாகிட்ட சொல்லிடுவேன்."

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"இதுவரைக்கும் யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லப்பா."

"நல்ல பிள்ள. சொல்லாத. சொன்னா எல்லாரும் ஒன்னைத்தான் கேப்பாங்க."

எதற்கு என்னைக் கேட்கப்போகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. தப்பித்துக்கொள்ள அவர் கண்டுபிடித்த சாக்கு என்றே எடுத்துக்கொண்டேன். தெருமுனைக் கடையில் தனக்கு ஒன்றும் வாங்காமல், நான் சாப்பிடுவதைப் பார்த்தபடி எதிரில் உட்கார்ந்திருந்தார். அவருடைய ரகசியத்தை இவ்வளவு நாள் காப்பாற்றிக் கொடுத்த எனக்கு இது போதாது என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் சிரப் ஊற்றச் சொல்லுங்கள் என்றேன். அப்பா எழுந்துபோய்ச் சொன்னார்.