நாற்பத்தெட்டு வெள்ளிக்கிழமைகள்

ஒன்பதாம் நம்பர் விமானத்திலிருந்து முதலில் காணாமல் போனது காபி மெஷின். அடுத்த வாரம் ஒரு சக்கரம். அதற்கும் அடுத்த வாரம் விமானியின் நாற்காலி. ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் புல் முளைத்த சிமென்ட் தரையில் ஓரங்கட்டி வைத்திருந்த அந்த விமானத்தை ரிவர்ஸ் தினமும் வேலைக்கு வந்ததும் ஒரு பார்வை பார்ப்பார், ஆஸ்பத்திரியில் கிடக்கும் சொந்தக்காரரை வாசலில் நின்றே எட்டிப் பார்ப்பது மாதிரி. ஒருநாள் இடதுபக்க எஞ்சினே இல்லை. அந்த இடத்தில் நீலத் தார்ப்பாயைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். காற்றடித்தபோது அது உப்பி உப்பி மூச்சு வாங்கியது.

ரிவர்ஸ் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அது சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. விமானத்துக்குத் தானாகப் பின்னால் போகத் தெரியாது. முட்டுச்சந்தில் மாட்டிய லாரி மாதிரி கட்டடத்தில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கும். தட்டையான ஒரு வண்டியைக் கொண்டுவந்து, நீளமான இரும்புத் தண்டால் அதன் முன்சக்கரத்தில் மாட்டி, பின்னால் தள்ளித் திருப்பிவிட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இவர். "எம் புருஷன் தள்ளுவண்டி வச்சிருக்காரு" என்று அவர் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். காய்கறியா பழமா என்று யாராவது கேட்டால், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "சீசனுக்கு ஏத்த மாதிரி" என்பாள்.

அவர் சேர்ந்தபோது கம்பெனியிடம் இரண்டே விமானம். இரண்டுக்கும் கிளிப்பச்சை அடித்திருந்தார்கள். பஸ் டிக்கெட் காசில் பறக்கலாம் என்று ஊர் முழுக்கப் பலகை வைத்தார்கள். கொத்தனார், மாணவர், ஆபரேஷனுக்குப் போகிறவர், பெண் பார்க்கப் போகிறவர், எல்லோரும் பிளாஸ்டிக் பையோடு வந்து வரிசையில் நின்றார்கள். சீட்டு சாயாது. தண்ணீர் கேட்டால் காசு. பணிப்பெண்ணின் சிரிப்பு இலவசம், அதுவும் காலை விமானத்தில் மட்டும். ஆனால் பறந்தது. இரண்டு நாலாகி, நாலு ஏழாகி, பதினொன்று வரை வந்தது. இறங்கிய விமானம் இருபத்தைந்து நிமிடத்தில் மறுபடி கிளம்பியாக வேண்டும் என்பது கம்பெனியின் ஒரே வேதம். டிக்கெட் பார்த்த பெண்ணே உள்ளே ஓடிக் குப்பை பொறுக்குவாள். மற்ற கம்பெனிகளில் ஒருவர் வண்டியை ஓட்ட, இன்னொருவர் காதில் கருவி மாட்டிக் கேப்டனோடு பேசுவார். இங்கே இரண்டும் ரிவர்ஸ் தலையில்.

தள்ளி முடித்ததும் அவருக்கு ஒரு கடமை உண்டு. முன்சக்கரத்தில் ஓர் ஊசி செருகியிருக்கும், கை நீளச் சிவப்பு ரிப்பனோடு. அது இருக்கும்வரை கேப்டனால் சக்கரத்தைத் திருப்ப முடியாது. ரிவர்ஸ் அதைப் பிடுங்கிக்கொண்டு தள்ளிப் போய் நின்று, ரிப்பன் தொங்கும்படி தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார். மேலே கண்ணாடிக்குள் கேப்டன் கட்டைவிரலை உயர்த்துவார். அதற்குப் பிறகுதான் நூற்றெண்பது பேரும் நகர முடியும். தன்னை விடப் பெரிய அதிகாரி இந்த ஏர்போர்ட்டில் கிடையாது என்று ரிவர்ஸ் வீட்டில் சொல்லிக்கொள்வது அந்த ஊசியை நம்பித்தான்.

அந்த அதிகாரிதான் தன் தங்கச்சியை வேலைக்கு அனுப்பி வைத்தார்.

தங்கச்சி நர்ஸ். அவளுக்குக் கணவன் ஒருவன் இருந்தான். இப்போது வேறு ஊரில் வேறொருத்திக்கு இருக்கிறான். மிச்சம் ஐந்து வயதுப் பெண் ஒன்று, வாண்டு. விமானத்தில் ஒன்றரை மணி நேரம், பஸ்ஸில் இரண்டு முழு நாள் தூரத்தில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் தங்கச்சிக்கு வேலை வந்தது. இங்கே வாங்கியதைப் போல மூன்று மடங்கு சம்பளம். ஆனால் தங்குவது விடுதியில், குழந்தைக்கு இடமில்லை. அவள் வேண்டாமென்றுதான் சொன்னாள்.

"அட, நான் எதுக்கு இருக்கேன்? வெள்ளிக்கிழமை இங்க வந்துடு, ஞாயித்துக்கிழமை திரும்பிப் போ. வாண்டு எங்ககூட இருக்கட்டும். மெத்தையில படுத்து எந்திரிக்கிற நேரத்துல வந்துடலாம்மா" என்று பிடித்துத் தள்ளியவர் ரிவர்ஸ். தள்ளுவதுதான் அவருக்குக் கைவந்த கலையாயிற்றே. தள்ளுபடி விற்பனையில் ஒரே மூச்சாக நாற்பத்தெட்டு வாரத்துக்குப் போக வர டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். வாண்டு சுவரில் நாற்பத்தெட்டு கட்டம் போட்டு, அம்மா வரும் ஒவ்வொரு வெள்ளிக்கும் ஒன்றில் வண்ணம் தீட்டினாள். தங்கச்சி திரும்பிப் போகும் ஞாயிறுகளில் ரிவர்ஸ்தான் விமானத்தைத் தள்ளுவார். ஊசியைத் தூக்கிக் காட்டியதும் ஜன்னல் ஒன்றின் மூடி இரண்டு தரம் இறங்கி ஏறும். அண்ணா, போய்ட்டு வர்றேன் என்று அதற்கு அர்த்தம்.

பத்தொன்பது கட்டம் நிறைந்திருந்தபோது ஒன்பதாம் நம்பர் படுத்துக்கொண்டது. பழுதுக்கு வாங்க வேண்டிய பாகத்தை வாங்காமல், அதிலிருந்து பிடுங்கி மற்றதில் மாட்டத் தொடங்கினார்கள்.

ஒருநாள் கோட்டுப் போட்ட இரண்டு பேர் வந்தார்கள். விமானத்துக்கு விமானம் நடந்து, எஞ்சினில் பதித்திருக்கும் சின்னத் தகட்டில் டார்ச் அடித்து நம்பரைப் படம் எடுத்தார்கள். யாரிடமும் பேசவில்லை.

"யாருண்ணே இவனுங்க? கல்யாணத் தரகர் மாதிரி சுத்திச் சுத்திப் பாக்குறானுங்க" என்றார் ரிவர்ஸ்.

எரிபொருள் லாரி ஓட்டும் டேங்கர் அண்ணன் பல்குச்சியை வாயின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றினார். "பிளேன் என்ன உங்க மொதலாளியோட சொத்துன்னு நெனச்சியா? எல்லாம் வாடகைடா. வீட்டுக்காரன் வந்து கதவு ஜன்னலை எண்ணிட்டுப் போறான்."

"போன வாரம்தான் மேனேஜர் கேக் வெட்டினாரு. அடுத்த வருஷம் இருபது பிளேன்னாரு."

"எனக்கு ஒண்ணுதான் தெரியும். முன்னயெல்லாம் நான் வந்ததும் குழாயை மாட்டுவேன். இப்போ உங்க கம்பெனி காசு கட்டிருச்சுன்னு எங்க ஆபீஸ்லேருந்து போன் வந்தாத்தான் மாட்டணுமாம். நேத்து அந்தப் போனுக்கு நாப்பது நிமிஷம் ஒக்காந்திருந்தேன்."

இருபத்தைந்து நிமிட வேதம் படித்தவர் ஒன்பதாம் நம்பரைத் திரும்பிப் பார்த்தார்.

"இது போனா வேற கம்பெனி வராமலா போயிரும்?"

"வரும். வேற பெயிண்ட் அடிச்சுக்கிட்டு வரும். ஜனம் பறந்து பழகிருச்சு, இனி விடாது. ஆனா உன் தங்கச்சி போற ரூட்டுக்கு வருமான்னு கேளு. பெரிய ஊருலேருந்து பெரிய ஊருக்குத்தான் ஓட்டுவான்."

வீட்டில் ரிவர்ஸ் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் தங்கச்சி வேலையை விடுவாள். சொல்லாவிட்டால் ஒரு ஞாயிறு போனவள் அங்கேயே மாட்டிக்கொள்வாள். எதுவானாலும் தள்ளிவிட்ட கை தன்னுடையது. வெள்ளிக்கு வெள்ளி விமானம் வந்து இறங்கும்போதெல்லாம், இந்த வாரம் ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே பொய் சொல்லிக்கொண்டார். பொய் ஏழு வாரம் பலித்தது.

இருபத்தாறாவது வெள்ளிக்கிழமை தங்கச்சி பெரிய பை ஒன்றோடு வந்தாள். வாண்டுக்குப் புதுச் செருப்பு. போட்டுப் பார்த்தால் பின்னால் மூன்று விரல் இடம் மிச்சம்.

"என்னம்மா இது, படகா? துடுப்பு எங்கே?" என்றார் ரிவர்ஸ்.

"அந்தச் சைசுதான் இருந்துச்சு. வளர்ற புள்ளதானே?" என்றாள் தங்கச்சி, அவர் பக்கம் பார்வையைத் திருப்பாமல்.

"மாமா, நான் ரெண்டு காலையும் ஒரே செருப்புல வச்சுக்கிறேன், பாருங்க" என்று வாண்டு குதித்து, விழுந்து, எழுந்தாள்.

அந்த இரண்டு நாளும் தங்கச்சி வழக்கத்துக்கு மாறாக வேலை செய்தாள். வாண்டின் பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரைப் பார்த்தாள். சளி மருந்து, காய்ச்சல் மருந்து எல்லாவற்றிலும் எத்தனை சொட்டு என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாள். பின்னல் போடும் விதத்தை அண்ணிக்கு மூன்று தரம் செய்து காட்டினாள்.

"ஏன்டி, எனக்குப் பின்னத் தெரியாதா?" என்று அண்ணி செல்லமாக முறைத்தாள்.

"நீங்க இறுக்கிடுறீங்க அண்ணி. அவ வலின்னு சொல்ல மாட்டா."

ரிவர்ஸ் இதையெல்லாம் பார்த்தார். பார்த்ததோடு சரி.

ஞாயிறு மாலை நாலே முக்காலுக்குத் தங்கச்சி ஏறினாள். கிளம்ப வேண்டியது ஐந்து பத்துக்கு. ரிவர்ஸ் வண்டியைக் கொண்டுபோய்த் தண்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, சாமான் ஏற்றும் பையன்கள் அடி வயிற்றுக் கதவருகே தகராறு பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் வந்து பாருங்க. பெட்டியெல்லாம் ஏத்தி முடிச்சப்புறம் இதை ஏத்தச் சொல்றாங்க."

ஆபீஸ் பிரின்டர். அவசரத்துக்கு இங்கே வைத்திருந்த இரண்டு உபரிச் சக்கரங்கள். மேனேஜரின் சுழல் நாற்காலி. கடைசியாக, பயணிகளின் பை பெரிதா சிறிதா என்று அளக்கும் இரும்புக் கூண்டு. பதினோரு வருடமாக எத்தனையோ பேரின் மானத்தை வாங்கிய கூண்டு, இன்று தானே டிக்கெட் இல்லாமல் பறக்கப் போகிறது. மூத்தவன் ஒருவன் அதைச் சொல்லிச் சிரித்தான். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

கூண்டு இல்லாமல் நாளைக் காலை எதில் அளப்பார்கள்? அளக்கப் போவதில்லை.

ரிவர்ஸ் தங்கச்சிக்குப் போன் போட்டார். அணைத்து வைத்திருந்தாள். போனை அணையுங்கள் என்று சொன்ன நொடியே அணைக்கும் பயணி அந்த விமானத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். அவர் காதுக் கருவியை மாட்டினார்.

"கேப்டன், கீழேருந்து பேசறேன்."

"சொல்லுங்க ரிவர்ஸ். தள்ள ரெடியா?"

"பதினாலாம் வரிசை, ஜன்னல் சீட்டு. எந்தங்கச்சி சார். அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். இந்தப் பிளேன் திரும்பி வராதுன்னு சொல்லணும். அவ புள்ள இங்கே இருக்கு. கதவு மூடுறதுக்குள்ள எறங்கிடச் சொல்லுங்க சார்."

கேப்டன் தணிந்த குரலில், "எனக்கும் மதியம்தான் சொன்னாங்க. இருங்க, கேட்டு வரச் சொல்றேன்" என்றார்.

ரிவர்ஸ் நிமிர்ந்து பதினாலாம் ஜன்னலைப் பார்த்தார். வெயில் பட்டு வெள்ளையாக இருந்தது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. மேலே படிக்கட்டில் யாராவது ஓடி வருவார்களா என்று பார்த்தார். படிக்கட்டை நகர்த்தத்தான் ஆள் வந்தது. கதவு மூடியது.

"ரிவர்ஸ்."

"சார்."

"அவங்களுக்குத் தெரியுமாம். அவங்க ஆஸ்பத்திரியில பெரிய ஆள் யாரோ படுத்திருக்காராம், நம்ம கம்பெனி ஆளு, அவர் சொல்லி ரெண்டு வாரம் முன்னாடியே தெரியுமாம். சம்பளம் வந்தாத்தான் புள்ள படிக்கும், நான் எறங்கலைன்னாங்க." கேப்டன் கண்ணாடி வழியே கீழே பார்த்தார். "அண்ணனைத் தள்ளச் சொல்லுங்கன்னாங்க."

படகுச் செருப்பு. சொட்டு மருந்து. இறுக்காத பின்னல். ரிவர்ஸின் கால் அழுத்தும் இடத்தில் அழுத்தியது. பதினோரு வருடப் பழக்கம் அதற்கு. விமானம் பின்னால் போனது, திரும்பியது, நின்றது. அவர் இறங்கித் தண்டைக் கழற்றினார். ஊசியைப் பிடுங்கினார். ஓரமாகப் போய் நின்றார்.

கையைத் தூக்கவில்லை.

எஞ்சின் இரைந்தது. கண்ணாடிக்குள் கேப்டன் கீழே பார்த்துக்கொண்டே இருந்தார். அவசரப்படுத்தவில்லை. இருபத்தைந்து நிமிடம் தாண்டி, முப்பது தாண்டியது. யாரும் வந்து திட்டவில்லை. திட்ட வேண்டிய மேனேஜரின் நாற்காலி ஏற்கனவே வயிற்றுக்குள் இருந்தது.

பதினாலாம் ஜன்னலின் மூடி இறங்கியது. ஏறியது. இறங்கியது. ஏறியது.

ரிவர்ஸ் கையைத் தூக்கினார். ரிப்பன் காற்றில் படபடத்தது.

வீட்டுக்குப் போனபோது வாண்டு புதுச் செருப்பைச் சரக் சரக்கென்று இழுத்துக்கொண்டு கதவுக்கு வந்தாள். கையில் வண்ணப் பென்சில்.

"மாமா, இன்னும் எத்தனை கட்டம் இருக்கு, எண்ணுங்க பாப்போம்."

அவர் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தார். எண்ணத் தொடங்கினார். இருபத்திரண்டு இருந்தன. மெதுவாக, ஒவ்வொன்றாக, விரல் வைத்து எண்ணினார்.