உதட்டைத் தூக்கிப் பார்த்தவர்கள்

கல்பாக்கம் குடியிருப்பில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகப் பார்க்க வந்துவிடுவார்கள். வந்தவர்களுக்குக் காயத்தைக் காட்டியாக வேண்டும். குடலிறக்க ஆபரேஷன் செய்துகொண்ட எதிர்வீட்டுக்காரர் பனியனை உயர்த்திக் காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். காட்டாதவர்களுக்குத் தலைக்கனம் என்பார்கள். இந்த அசட்டு மரியாதைக்கு என் ஈறும் பலியாகும் என்று அப்போது நினைக்கவில்லை.

என் முன்பல் போனது கணவரின் உபயம். மாமல்லபுரம் சாலையில் ஸ்கூட்டரை ஒரு வேகத்தடை மேல் பறக்கவிட்டு, பின்னால் உட்கார்ந்திருந்த என்னைக் கீழே தள்ளினார். “நீ கெட்டியாப் புடிச்சுக்கல” என்பதுதான் அவர் சொன்ன ஆறுதல். செங்கல்பட்டில் ஒரு பல் மருத்துவர் தாடையில் உலோகத் திருகைப் பதித்து, அதன் மேல் பல் கட்டினார். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் எங்கள் பக்கம் அது புதுசு. இம்ப்ளான்ட் என்ற சொல்லைக் கணவர் ஆபீஸ் முழுக்கப் பரப்பினார், பதித்துக்கொண்டதே அவர்தான் என்பது போல.

ஒரு வருஷத்துக்குள் ஈறு மெலிந்து மேலேறிவிட்டது. பல்லுக்கு மேலே சாம்பல் நிறத்தில் உலோகம் தெரிந்தது. நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர். என் வாயைப் பார்த்துத்தான் பிள்ளைகள் எழுத்தைச் சொல்லும். முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி, “மிஸ், ஒங்க பல்லுல இரும்பு கீது” என்றாள். அதன்பின் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். பிறகு சிரிப்பதையே விட்டேன். வாய்விட்டுச் சிரிப்பவள் என்று பேர் வாங்கியவள் நான். எனக்கு அந்தச் சிரிப்பு திரும்ப வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

மருத்துவர் என் மேலண்ணத்திலிருந்து கொஞ்சம் சதை எடுத்து, திருகைச் சுற்றி ஈறுக்கு அடியில் வைத்துத் தைத்தார். “பதியன் போட்ட மாதிரின்னு வச்சுக்கங்க. ஒட்டுப் பிடிக்கிற வரைக்கும் அசையக் கூடாது. முக்கியமா உதட்டத் தூக்கிப் பாக்காதீங்க, யாருக்கும் காட்டாதீங்க” என்றார். கணவர் மிகுந்த பொறுப்போடு தலையாட்டினார்.

அந்தப் பொறுப்பு வீடு வந்து சேரும் வரைதான். முதலில் கீழ்வீட்டுத் தம்பதி வந்தார்கள். அண்ணம் எரிந்து, பேச முடியாமல் கிடந்தேன். கணவர் டார்ச்சோடு வந்து, இரண்டு விரலால் என் மேலுதட்டைப் பிடித்துத் தூக்கி, நூல் எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வருகிறது என்று விளக்கினார். அடுத்து அவருடைய ஆபீஸ்காரர்கள். கொலு பார்க்க வருவது போல் வந்தார்கள். சுண்டலுக்குப் பதில் காபி, அவ்வளவுதான் வித்தியாசம். நான் தலையைத் திருப்பும்போதெல்லாம், “ஒரு செகண்ட்மா, அவங்க வேலய விட்டுட்டு வந்திருக்காங்க” என்பார். சதை என்னுடையது, மரியாதை அவருடையது.

கடைசியாகச் செங்கல்பட்டிலிருந்து என் அண்ணன் வந்தார். அவராவது தடுப்பார் என்று பார்த்தேன்.

“இன்னா மச்சான், ஊரே பாத்துகினு கீது, கூடப் பொறந்தவன் நான் பாக்கக் கூடாதா?” என்றார் அவர்.

“தாராளமா பாருங்க மச்சான்” என்று கணவர் மறுபடியும் உதட்டை இழுத்தார்.

“தையலு சோக்காத்தான் கீது” என்று அண்ணன் சர்டிபிகேட் கொடுத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே ரத்தம் கசிந்தது.

தையல் பிரிக்கப் போனபோது ஒட்டு வெளுத்துச் செத்துக் கிடந்தது. மருத்துவர் அதை இடுக்கியால் எடுத்துப் போட்டார். “உதட்ட இழுத்தீங்களா?” என்று என்னைத்தான் கேட்டார். எச்சில் உறிஞ்சும் குழாயோடு வாயைத் திறந்தபடி படுத்திருந்தேன். கணவர் முந்திக்கொண்டார். “சொன்னா கேக்க மாட்டா சார். சதா கண்ணாடி முன்னாடிதான் நிப்பா.” மருத்துவர் சிரித்தார். கணவரும் சேர்ந்து சிரித்தார். அவ்வளவு அருவருப்பை அதற்கு முன் எந்த மனுஷர் மேலும் நான் உணர்ந்ததில்லை.

சில மாதம் கழித்து, அண்ணத்தின் மறுபக்கத்திலிருந்து சதை எடுத்து மறுபடி தைத்தார்கள். இந்த முறை தனியாகப் போனேன். அங்கிருந்து நேரே, தனியாகக் குடியிருந்த சக டீச்சர் ஒருத்தியின் வீட்டுக்குப் போய்விட்டேன். கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள். காட்டு என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கணவர் போன் செய்து, “பாக்க வர்றவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?” என்றார். எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. போனை வைத்துவிட்டேன்.

ஒட்டு நன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகுதான் வீடு திரும்பினேன். ஈறு தடித்து இறங்கி உலோகத்தை மறைத்தது. வகுப்பில் பிள்ளைகளோடு பழையபடி வாய்விட்டுச் சிரிக்கிறேன், வராந்தா வரைக்கும் கேட்கும். வீட்டில் அவர் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் மட்டும் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வேன்.

“இன்னும் வலிக்குதா?” என்று கேட்பார். ஆமாம் என்பேன்.