வெம்பக்கோட்டைக்கு ரயில் போகும் வழி

வெம்பக்கோட்டைக்கு ரயில் கிடையாது. சிவகாசியில் இறங்கி தெற்கே போகும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இருந்தும், தீபாவளி கழிந்த இரண்டாவது சனிக்கிழமை பிற்பகலில் வெம்பக்கோட்டைக்கு ஒரு ரயில் போய்ச் சேர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். அதைப் பார்க்க நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இந்தப் பதிவு.

மாடல் ரயில் கட்டுகிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் நான் இருக்கிறேன். நிஜ ரயிலை எண்பத்தேழு மடங்கு சுருக்கி, மேசை மேல் தண்டவாளம் போட்டு, அதில் ஓட்டுவது எங்கள் பொழுதுபோக்கு. ஞாயிறுதோறும் அவரவர் பாதை எதுவரை வந்திருக்கிறது என்று படம் போட வேண்டும் என்பது குழுவின் ஒரே விதி. ஒன்றரை ஆண்டாக நான் ஒரே மேம்பாலத்தை வெவ்வேறு கோணங்களில் எடுத்துப் போட்டு வருகிறேன். ‘அருமை, தொடருங்கள்’ என்கிறார்கள். எதைத் தொடர்வது என்று யாரும் கேட்டதில்லை. நாகரிகமான குழு.

இந்தக் குழுவில் விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள் மூன்று பேர். தனபால் சிவகாசியில் காலண்டர், டைரி அச்சடிக்கும் கம்பெனி வைத்திருப்பவர். குருசாமிக்குச் சாத்தூர் அருகே பட்டாசு ஆலை. சீனிராஜ் வெம்பக்கோட்டைப் பக்கம் மானாவாரி விவசாயி. ஆளுக்கு ஒரு பலகை எடுத்து, தத்தம் ஊரை அதில் கட்டி, மூன்றையும் ஒட்டி ஒரே பாதையாக்குவது அவர்கள் திட்டம். எட்டு ஆண்டாக அந்தத் திட்டத்தின் படங்கள் வந்துகொண்டிருந்தன. ‘இந்தத் தடவை சேர்க்கிறோம், வாங்க’ என்று தனபால் எழுதியதும் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

சேர்க்க இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் ஊர். தீபாவளி வரை குருசாமிக்கு மூச்சுவிட நேரமிருக்காது. தீபாவளி முடிந்து ஆலை மூடியதும் அவர் ஓய்ந்து உட்காரும்போது தனபாலுக்கு டைரி சீசன் உச்சத்தில் இருக்கும். பலகைகளை வைக்க இருந்த ஒரே இடம் தனபாலின் அச்சக மாடியறை. அந்த அறையில்தான் டைரி லோடும் இறங்க வேண்டும். அச்சகத்தின் கணக்கையும் சாவிக்கொத்தையும் கையில் வைத்திருப்பவர் தனபாலின் அக்கா சந்திரா. ஒவ்வோர் ஆண்டும் அறையைக் கேட்பார். ஒவ்வோர் ஆண்டும் தம்பி ஏதாவது சொல்லித் தள்ளிப்போடுவார். இந்த ஆண்டு அக்கா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். சனிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில், யாரும் கை வைக்காமல், வண்டி சாத்தூரில் கிளம்பி வெம்பக்கோட்டை போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் அறை தம்பிக்கு. சேராவிட்டால் திங்கட்கிழமை லோடு இறங்கும்.

இதில் ஒரு சிக்கல். தனபாலின் பலகை பத்தடி நீளம், அறைக்குள்ளேயே வைத்துக் கட்டியது. மாடிப்படித் திருப்பத்தில் அது இறங்காது. அறை போனால் எட்டு ஆண்டு வேலையை அறுத்துத்தான் கீழே கொண்டுவர வேண்டும்.

சென்னையிலிருந்து இரவு வண்டியில் விருதுநகர். ஸ்லீப்பர் கட்டணம் முந்நூற்றைம்பதுக்குள். விடியற்காலையில் இறங்கி, பஸ் நிலையம் வந்து சிவகாசி பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம். வழி நெடுகத் தனியார் ஆலை வேன்கள் ஆளில்லாமல் நின்றன. சீசன் முடிந்த அடையாளம் அது. பொரித்த பரோட்டா சாப்பிட விரும்புகிறவர்கள் திரும்பும்போது மாலையில் சாப்பிடவும். விடியற்காலையில் கேட்டால் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். நான் கேட்டேன்.

சிவகாசி பஸ் நிலையத்தில் ஆட்டோ பிடித்தேன். எண்பது ரூபாய்.

“தீபாவளிதான் முடிஞ்சிருச்சே, இப்ப வெடி வாங்கவா வந்தீக?” என்றார் ஓட்டுநர்.

“இல்லை, ரயில் பார்க்க வந்தேன்.”

“ஸ்டேசன் அந்தப் பக்கம்ல இருக்கு.”

“இது ஒரு அச்சகத்து மாடியில இருக்கு.”

கண்ணாடியில் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். “அச்சடிச்ச ரயிலா?” என்றார்.

அச்சகத்தின் கீழ்த்தளத்தில் ஆப்செட் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மாடிப்படியில் கால் வைத்தபோதே அதிர்வு தெரிந்தது. மேலே போனதும் குருசாமி என்னை வாசலிலேயே நிறுத்தினார். கதவு நிலையில் ஒரு செம்புத் தகடு அறைந்திருந்தது.

“தொட்டுட்டு வாங்க சார்.”

உடம்பில் சேர்ந்திருக்கும் மின்சாரம் இறங்குவதற்காகப் பட்டாசு ஆலையில் வேலைக்குப் போகிறவர்கள் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். இங்கே வெடிமருந்து எதுவும் இல்லையே என்றேன். “பழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல” என்றார். அறை மூலையில் இரண்டு மணல் வாளி, ஒரு தண்ணீர்த் தொட்டி. அவர் கொண்டுவந்திருந்த கருவிப்பெட்டியில் எல்லாம் பித்தளையும் மரமும், தீப்பொறி வராதாம். அந்தக் கருவிகளால் தண்டவாளத்தில் ஒரு கீறல்கூடப் போட முடியாது என்பதைக் கவனித்தேன்.

அவருடைய சாத்தூர்ப் பலகையில் ஒரு ரயில் நிலையம், ஒரு பட்டாசு ஆலை. ஆலையில் மூன்றே மூன்று கொட்டகைகள். ஒவ்வொன்றுக்கும் எல்லாப் பக்கமும் கதவு. மீதி ஐந்தடியும் வெறும் தரை.

“இங்கே இன்னும் வேலை பாக்கியா?” என்று கேட்டேன்.

“முடிஞ்சிருச்சு. அது காலி இடம் இல்ல சார், பாதுகாப்பு இடைவெளி. விதியில சொன்ன தூரத்தை எண்பத்தேழால வகுத்துப் போட்டிருக்கேன்.”

“ஒரு மரம் வைக்க மாட்டாரு,” என்றார் சீனிராஜ். “எட்டு வருசமா இவரு போட்ட படமெல்லாம் தரை. குரூப்ல எல்லாரும் நல்லாருக்குனு சொல்றாக.”

“நீரு மட்டும் என்ன, டேமைக் கட்டிட்டுத் தண்ணி வைக்காத ஆளு.”

உண்மைதான். சீனிராஜின் பலகையில் வெம்பக்கோட்டை அணைக்கட்டு தத்ரூபமாக இருந்தது, தண்ணீர் மட்டும் இல்லை. போன ஆண்டு ஊற்றிய செயற்கைத் தண்ணீரை இந்த ஆண்டு சுரண்டி எடுத்துவிட்டாராம். நிஜ அணையில் இல்லாததைத் தன் அணையில் வைக்க மனம் வரவில்லை. ஆனால் நிஜ ஊரில் இல்லாத ரயில் நிலையத்தை வைப்பதில் அவருக்குத் தயக்கமில்லை. நடைமேடை, பெயர்ப்பலகை, சிமென்ட் பெஞ்சு எல்லாம் இருந்தன. பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“எங்க ஊருக்கு ரயில் விடுங்கனு எம்புட்டு மனுக் குடுத்தோம். அலுத்துப்போயி நானே விட்டுக்கிட்டேன்,” என்றார். பாதை எடுக்கச் சொந்த நிலத்தின் கரிசல் மண்ணையே கொண்டுவந்து போட்டிருக்கிறார். நிலம் கையகப்படுத்துவதில் தகராறு எதுவும் எழவில்லை.

நிஜத்தில் சாத்தூரிலிருந்து சிவகாசிக்கு ரயிலில் போக வேண்டுமானால் விருதுநகர் போய்ச் சுற்றி வர வேண்டும். சாலையில் இருபது கிலோமீட்டர் சொச்சம். இங்கே பலகைக்குப் பலகை நேர் பாதை. மூன்று தனியாட்கள் எட்டு ஆண்டில் முடித்திருக்கிறார்கள் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

பலகைகளை ஒட்ட வைத்தபோதுதான் தகராறு வந்தது. மூவரும் தண்டவாளத்தை முன்விளிம்பிலிருந்து சரியாகப் பத்து அங்குலம் உள்ளே போடுவதாகப் பேசி வைத்திருந்தார்கள். சாத்தூரும் வெம்பக்கோட்டையும் அப்படியே இருந்தன. நடுவில் இருந்த சிவகாசி மட்டும் இரு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் விலகி நின்றது. தனபால் அளவுகோல் எடுத்து மறுபடி மறுபடி வைத்துப் பார்த்தார்.

அப்போது சந்திரா அக்கா மேலே வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, தோளில் துண்டு போல ஒரு அச்சுத்தாள், விரலில் மை. பலகை விளிம்பைக் குனிந்து ஒரே ஒரு முறை பார்த்தார்.

“ப்ளீடு விட்டிருக்கான்,” என்றார்.

அச்சுத் தொழிலில் எந்தத் தாளையும் கேட்ட அளவுக்கு அச்சடிக்க மாட்டார்கள். நாலு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு அச்சடித்து, கடைசியில் வெட்டி எறிவார்கள். தனபால் பலகையையும் அப்படியே அறுத்து வாங்கி, பத்து அங்குலத்தை வெட்ட வேண்டிய கோட்டிலிருந்து அளந்திருக்கிறார். எல்லாம் முடிந்தபின் கட்டிங் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து, எட்டு ஆண்டில் அதை மறந்தும் விட்டார்.

“பலகையைக் கொஞ்சம் முன்னால இழுத்தா ஆச்சு,” என்றார் சீனிராஜ்.

“கட்டிங் போடாத வேலையை எப்படி வெளிய காட்ட?” என்றார் தனபால். முகம் வாடிவிட்டது. கடைசியில் இழுத்துத்தான் வைத்தார்கள். போல்ட் ஓட்டைகள் இப்போது பொருந்தவில்லை. இரும்புக் கிளாம்ப் போட்டு இறுக்கினார்கள். குருசாமி மணல் வாளியைப் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

ஒரு மணிக்கு மெஷின் நின்றது. சாப்பாட்டு இடைவேளையைத் தனபால்தான் கேட்டு வாங்கியிருந்தார். மெஷின் ஓடும்போது தரை அதிரும், வண்டி தடம் புரளும் என்பது அவருடைய உறுதியான கருத்து. எட்டு ஆண்டாக அவர் பாதையில் நடந்த எல்லா விபத்துக்கும் அந்த மெஷினே காரணம் என்று குழுவில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். நாங்கள் நம்பினோம்.

அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். “சாப்பிட்டீகளா தம்பி?” என்று என்னைக் கேட்டார். இல்லை என்றதும் மூடியில் பாதிச் சோற்றை வைத்துக் கொடுத்தார். “ஏலே தனபாலு, விடு வண்டியை. வேகம் கூட்டுற திருகை மட்டுந்தான் தொடலாம். வண்டியில கைபட்டா கணக்குல சேராது.”

வண்டி கிளம்பியது. ஒரு டீசல் என்ஜின், நான்கு பெட்டிகள். சாத்தூரின் பாதுகாப்பு இடைவெளியை மெதுவாகக் கடந்தது. முதல் இணைப்பில் ஒரு குலுங்கல், ஏறிவிட்டது. சிவகாசியில் அச்சிட்ட அட்டைக் கட்டடங்களுக்கு நடுவே போனது. எல்லாக் கட்டடத்துச் சுவரிலும் நாட்காட்டி தொங்கியது. இரண்டாவது இணைப்பில், வெம்பக்கோட்டைப் பெயர்ப்பலகைக்கு ஒரு சாண் தூரத்தில், என்ஜின் நின்றது.

தனபால் திருகைக் கூட்டினார். குறைத்தார். மறுபடி கூட்டினார். என்ஜினின் விளக்கு எரியவில்லை. இணைப்பில் தண்டவாளம் மயிரிழை தூக்கிக்கொண்டிருந்தது, சக்கரத்துக்கு மின்சாரம் எட்டவில்லை. விரலால் ஒரு சுண்டு சுண்டினால் போதும். அதைத்தான் செய்யக்கூடாது.

“நிஜ வண்டியும் ஊருக்கு வெளிய நிக்கத்தான செய்யும்,” என்றார் குருசாமி.

“நிஜ வண்டி பெறகு கிளம்பும்லா,” என்றார் அக்கா.

சீனிராஜ் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தச் சின்ன மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊதலாமா என்று தனபால் கேட்டார். ஊதுவதும் கைதான் என்று தீர்ப்பானது. அவர் திருகிலிருந்து கையை எடுக்கவேயில்லை. அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். எங்கே அறுப்பது என்று யோசிப்பவர் மாதிரி இருந்தது. சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

அக்கா டிபன் பாக்ஸை மூடினார். எழுந்து படிக்கட்டின் மேல்படியில் நின்று கீழே குரல் கொடுத்தார். “நேரம் ஆச்சுலே. மெஷினைப் போடுங்க. ஆர்டர் நிக்குது.”

கீழே மெஷின் உறுமியது. தரை லேசாக நடுங்கியது. மூலையில் தொட்டித் தண்ணீரில் வட்டங்கள் வந்தன. என்ஜினின் விளக்கு ஒருமுறை மினுக்கி, அணைந்து, பிறகு நிலைத்து எரிந்தது. வண்டி ஒரு வெட்டு வெட்டி, இணைப்பைத் தாண்டி, தண்ணீரில்லாத அணைக்கட்டின் ஓரமாகப் போய், வெம்பக்கோட்டை நடைமேடையில் நின்றது.

யாரும் கை தட்டவில்லை. சீனிராஜ் மட்டும் கர்ச்சீப்பை எடுத்து மூக்கைச் சிந்தினார். கரிசல் தூசி என்றார்.

அக்கா திரும்பி வந்தார். “போச்சா?”

“போச்சுக்கா.”

“யாரும் கை வச்சீகளா?”

“இல்ல. மெஷின் அதிர்ந்துச்சு.”

“அப்ப இனிமே மெஷின் ஓடும்போதே ஓட்டிக்க. நிப்பாட்டச் சொல்லிக் கேக்காத.” பலகைக்கு அடியில் குனிந்து பார்த்தார். மரக் கால்களுக்கு நடுவே இருந்த இடத்தைக் கண்ணால் அளந்தார். “ரூம் ஒனக்குத்தான். சொன்னா சொன்னதுதான். ஆனா இந்தக் காலையெல்லாம் கழட்டிப் போடு. கீழ டைரி பண்டல் அடுக்கி, பலகையை அது மேல வச்சிரு. ஆடவும் செய்யாது.”

திங்கட்கிழமை லோடு இறங்கியது. அறையும் தனபாலிடமே இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில தகவல்கள். வாசலில் செம்புத் தகட்டைத் தொடாமல் உள்ளே போகாதீர்கள், குருசாமி வருத்தப்படுவார். வேலை நாளில் மட்டும் போங்கள். ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாது, ஆகவே ரயில் வெம்பக்கோட்டை வரை போகாது. இணைப்பைச் சரிசெய்ய முடியாதா என்று கேட்டுப் பார்த்தேன். ஓடுகிறதைத் தொடக்கூடாது என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். மதியச் சாப்பாடு கிடைக்கும். மூடியில் வைத்துத் தருவார்கள்.

எந்த மாதம் போவது என்பது உங்கள் விருப்பத்தைப் பொறுத்தது. கார்த்திகையில் போனால் பண்டல்கள் நிறைந்து, மூன்று ஊரும் ஒரே மட்டத்தில் இருக்கும். அதற்குப் பிறகு டைரி வெளியே போகப் போகப் பாதை இறங்கும். எந்தப் பக்கப் பண்டலை முதலில் எடுப்பது என்பதை அக்காதான் முடிவு செய்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை தனபால் குழுவில் படம் போட்டிருந்தார். சாத்தூர் மேட்டில் இருக்கிறது, சிவகாசி சரிவில், வெம்பக்கோட்டை நல்ல பள்ளத்தில். கீழே எழுதியிருந்தார்: ‘ஆர்டர் நன்றாகப் போகிறது. வண்டி இப்போது தானாகவே ஊர் போய்ச் சேர்கிறது. திரும்பி ஏறத்தான் மாட்டேன் என்கிறது.’

அருமை, தொடருங்கள் என்று எழுதினேன்.