லேசான தடியடி

எங்கள் திண்டிவனத்தில் தண்ணீருக்குத்தான் பஞ்சம், உலகச் செய்திக்கு ஒரு நாளும் பஞ்சம் வந்ததில்லை. மாதா கோயில் தெருவும் மசூதித் தெருவும் வந்து சேருகிற முக்கில் ஒரு படிப்பகம் இருந்தது. கூரையைக் காற்று கொண்டுபோனது, பெஞ்சை எவனோ கொண்டுபோனான், வாசலில் நட்டிருந்த கரும்பலகையை மட்டும் யாரும் சீண்டவில்லை. அதன் ஒரு முகம் மாதா கோயில் தெருவைப் பார்க்கும், மறு முகம் மசூதித் தெருவைப் பார்க்கும். ஓரத்தில் இருக்கிற என் சோடாக்கடையிலிருந்து தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தால் இரண்டையும் படிக்கலாம். ஊரிலேயே அந்தப் பாக்கியம் எனக்கு மட்டும்தான்.

தினமும் காலையில் அதில் செய்தி எழுதியவர் விருத்தாசலம். மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டைக்கு மார்க்கா எழுதுவது அவர் வேலை. எழுத்து என்றால் அப்படி ஒரு எழுத்து, அச்சடித்தது போல நிற்கும். என் கடையில் ஓசியில் பேப்பர் படித்துவிட்டு, ஓசியில் ஒரு சோடாவும் குடித்துவிட்டு, எழுதி முடித்துத்தான் மண்டிக்குப் போவார். மண்டிக்காரன் திட்டினால் "ஊருக்கு விஷயம் தெரிய வேணாமா?" என்று அவனையே கேட்பார்.

எண்பத்தெட்டாம் வருஷம் பிறந்தபோது காசாவில் பையன்கள் கல்லெறிவதும், இஸ்ரேல் ராணுவம் சுடுவதும் அடிப்பதுமாகத் தினமும் பேப்பரில் வந்தது. "இஸ்ரேல் ராணுவம் சுட்டது, பாலஸ்தீனர் பலி" என்று விருத்தாசலம் உள்ளதை உள்ளபடி எழுதினார். அவ்வளவுதான், இருதயமேரி டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏம்ப்பா, இஸ்ராயேல் ஆண்டவரோட சனம்ப்பா. வேதத்துலயே இருக்குது. கோலியாத்தோட ஆளுங்கதானே இந்தப் பாலஸ்தீனக்காரங்க? நீ பாட்டுக்கு மாத்தி எழுதறியே!"

பலகைக்குச் சாக்பீஸ் கொடுத்தது டீச்சர். மறுநாளே "கலவரக்காரர்கள் கல்வீச்சு, ராணுவம் அடக்கியது" என்று செய்தி மாறியது. இப்போது பிரியாணிக்கடை ரவூப் பாய்க்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னா விருத்தாசலம், சின்னச் சின்னப் பசங்க செத்துக்கினு இருக்கறாங்க. உனக்குக் கலவரக்காரனாத் தெரியுதா? ஜல்தியா அழி அத!"

விருத்தாசலத்துக்குக் காலை டீயும் பரோட்டாவும் கொடுத்தது பாய். சாக்பீஸ் இல்லாமல் எழுத முடியாது, பரோட்டா இல்லாமல் நிற்க முடியாது. மனுஷன் பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தார். திடீரென்று முகம் மலர்ந்தது. பலகைக்குத்தான் இரண்டு முகம் இருக்கிறதே!

அன்றிலிருந்து ஒரே சண்டை எங்கள் முக்கில் இரண்டு விதமாக நடந்தது. மாதா கோயில் பக்கம் ராணுவம் "லேசாக அடித்துக் கலைத்தது". மசூதிப் பக்கம் பையன்கள் தினமும் வீரமாகப் போராடினார்கள். ராணுவம் ஒரு பையனின் கையை முறித்த செய்தி வந்த அன்று மாதா கோயில் பக்கம் தங்கம் விலை எழுதியிருந்தது. வேலைக்கு பஸ்ஸில் போன இஸ்ரேல் பெண்களைப் பாலஸ்தீன ஆட்கள் கொன்ற செய்தி வந்த அன்று மசூதிப் பக்கம் கிரிக்கெட். எழுதியதில் பொய் என்று எதையும் காட்ட முடியாது. எதை விடுவது என்பதில்தான் மனுஷன் கில்லாடி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யோவ், செத்துப்போனவனுக்குக்கூடவா ரெண்டு முகம்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"சக்கரபாணி அண்ணே, கோவிச்சுக்காதீங்க. பெரிய பெரிய பேப்பர்காரனே நாட்டுக்கு ஒண்ணா எழுதறான். நான் தெருவுக்கு ஒண்ணா எழுதறேன். இன்னா தப்பு?"

ஒரு சோடாவை உடைத்து நானே குடித்தேன்.

ஏப்ரலில் தண்ணீர் சுத்தமாக நின்றது. விருத்தாசலம் குடியிருந்த காலனிப் பெண்கள் செஞ்சி ரோட்டில் குடத்தை வரிசையாக வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். அதில் அவர் மனைவி காந்திமதியும் ஒருத்தி. கூலிக்குக் களையெடுக்கப் போகிறவள். வேனில் வந்த போலீஸ் முதலில் குடத்தை உடைத்தது, பிறகு காந்திமதியின் வலது மணிக்கட்டை உடைத்தது. போதாததற்கு, பஸ் மேல் கல் எறிந்ததாகப் பெண்கள் மேல் கேஸும் போட்டார்கள்.

மறுநாள் பேப்பரில் இரண்டே வரி. "குடிநீர் கேட்டு மறியல், பஸ் மீது கல்வீச்சு. போலீசார் லேசான தடியடி."

இன்றைக்காவது இந்த மனுஷனுக்கு ரோஷம் வரும் என்று வியாபாரத்தை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பலகையைத் துடைத்தார், பேப்பரைப் பார்த்தார், அந்த இரண்டு வரியையும் அழகாக எழுதினார். சுற்றிப் போய் மறுபக்கமும் அதையே எழுதினார்.

இரண்டு தெருவுக்கும் பரம திருப்தி. "பஸ்ஸ நிறுத்தி வச்சிட்டாங்கப்பா, ஸ்கூலுக்கு லேட்டு" என்றார் டீச்சர். "ஒரே பேஜாரு, கறி வர மத்தியானம் ஆயிடுச்சி" என்றார் பாய். செய்தி தெருவுக்கு ஒன்றாகப் பிரிந்த பிறகு முதல் தடவையாகப் பலகையின் இரண்டு பக்கமும் ஒரே செய்தி. ஊர் ஒற்றுமையைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

அப்போதுதான் காந்திமதி வந்தாள். மாவுக்கட்டுப் போட்ட கை கழுத்திலிருந்து தொங்கியது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குப் படித்தவள். ஒரு பக்கம் படித்தாள். சுற்றி வந்து மறுபக்கமும் படித்தாள்.

"ஏன்யா, லேசான்னா எவ்ளோ?"

விருத்தாசலம் தரையைப் பார்த்தார். "பேப்பர்ல அப்படித்தான் போட்டிருக்கான். நான் வேற மாதிரி எழுதினா பலகையப் புடுங்கிப் போட்டுருவாங்க."

"ஆஸ்பத்திரில கட்டு போடும்போது நான் கத்தனேனே, அப்ப என்னைப் புடிச்சிக்கினு இருந்தது யாரு? பேப்பர்காரனா? எவளும் ஒரு கல்லக்கூடத் தொடல. அது உனக்குத் தெரியும். நீயே இப்படி எழுதினா நாளைக்குக் கோர்ட்டுல எங்கள எவன் நம்புவான்?"

காந்திமதி மாதா கோயில் பக்கத்து முகத்தைக் காட்டினாள். "அந்த ஊர்ப் பசங்கள லேசா அடிச்சாங்கன்னு இங்க எழுதிக்கினு இருந்தியே, அதுவும் இந்த லேசுதானா?" டீச்சர் அந்த மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். காந்திமதி மறுபக்கம் திரும்பினாள். "பஸ்ஸுல செத்தாங்களாமே பொம்பளைங்க, சோடாக்கடை அண்ணன் சொன்னாரு. அன்னைக்கு இங்க கிரிக்கெட்டு எழுதினியாம். அவங்களும் என்னாட்டம் வேலைக்குப் போனவங்கதானய்யா?" பாய் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இடது கையால் முந்தானையைப் பிடித்து இரண்டு பக்கத்தையும் அழித்தாள். "எழுது. நடந்தத எழுது."

விருத்தாசலம் சாக்பீஸை எடுத்தார். பலகைக்குக் கிட்டே போனார். நிச்சயம் எழுதிவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன். பழக்கதோஷம் எங்கே விடும்? பெண்டாட்டி முகத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"எந்தப் பக்கம் எழுதட்டும்?"

சத்தியமாகச் சொல்கிறேன், கையில் இருந்த சோடா பாட்டிலை அவர் மண்டையில் போட்டிருப்பேன். காந்திமதி திட்டக்கூட இல்லை. சாக்பீஸைப் பிடுங்கி, இடது கையாலேயே எழுத ஆரம்பித்தாள். கோணலும் மாணலுமாக, ஒரு எழுத்து ஏறி ஒரு எழுத்து இறங்கி வந்தது. "தண்ணி கேட்டோம். கல்லு எறியல. என் கைய ஒடச்சாங்க. காந்திமதி." அந்தப் பலகையில் சொன்னவர் பேரோடு வந்த முதல் செய்தி அதுதான். இரண்டு தெருக்காரர்களும் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்து நின்று, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார்கள்.

விருத்தாசலம் கீழே கிடந்த துண்டுச் சாக்பீஸைப் பொறுக்கிக்கொண்டு மறுபக்கம் போனார். அவள் எழுதியதை ஒரு எழுத்து மாற்றாமல், அவள் பேரோடு, தன் அச்செழுத்தில் எழுதி முடித்தார்.

காந்திமதி சுற்றி வந்து பார்த்தாள்.

"உன் எழுத்து நல்லாத்தான்யா இருக்குது," என்றாள். "காலையிலயே எழுதியிருக்கலாம்."