மீன் கடை ஐஸ்

தாராவி வீடுகளில் ஏறி இறங்கி ரத்தம் எடுத்து, மாட்டுங்காவில் உள்ள லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது கனகவள்ளியின் பிழைப்பு. முப்பது வருஷமாகிறது. ஊசி ஏறியதே தெரியாது என்பார்கள். அந்தக் கையால்தான் பக்கத்து வீட்டு இசக்கிசெல்வியின் கல்யாணம் நின்றது.

இசக்கிசெல்விக்கு மாதவிலக்கு பத்து நாள் ஓடும். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியபோது இரண்டு நாள் ரத்தம் நிற்கவில்லை. பரம்பரை ரத்தப்போக்கு நோயா என்று பார்க்க டாக்டர் எழுதிக் கொடுத்தார். இந்த டெஸ்டுக்குக் கனகவள்ளி அதிகம் எடுத்ததில்லை. மே மாத வெயில். சில டெஸ்டுக்கு ஐஸ் கேட்பார்கள். இதற்கும் நல்லதுதானே என்று மீன் கடையில் ஐஸ் வாங்கி, ரத்தம் எடுத்த நீல மூடிக் குழாய்களை அதில் புதைத்துக் கொண்டுபோனாள்.

ரத்தம் உறைவதற்கு வேண்டிய சத்து பதினெட்டு சதவீதம் என்று வந்தது. குறைந்தது ஐம்பது இருக்க வேண்டும். இசக்கிசெல்விக்குப் பேசியிருந்தது அத்தை மகன் சுடலைக்கண்ணனை. அத்தை உமாமகேஸ்வரி வாசலில் நின்றே சொல்லிவிட்டாள்: "நோக்காட்டுக்காரிய எங்க தலையில கெட்டப் பாத்தியளோ?"

மறுநாள் லேபிலிருந்து பத்மஜா போன் செய்தாள். "கனகம்மா, குழாய்ல லேபிள் நனைஞ்சிருந்துதே. ஐஸ்லயா வெச்சேள்?"

இல்லை என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. கனகவள்ளி, "ஆமா" என்றாள்.

"ஐயோ, குளிர் பட்டா அந்த சத்து குறைச்சலாக் காட்டுமே. ரிப்போர்ட்டை நம்ப முடியாது. வேற எடுக்கணும்."

அன்று சாயங்காலமே இசக்கிசெல்வி வீட்டுக்குப் போய், அத்தையையும் வரச்சொல்லி, நடந்ததைச் சொன்னாள்.

"முப்பது வருசமா ரத்தம் எடுத்தியா, மீன் வித்தியா?" என்றாள் உமாமகேஸ்வரி.

"தப்பு என்னோடதுதான். பிள்ளைய ஏசாத. மறுபடி எடுக்கேன்."

எடுத்தாள். இந்த முறை குழாய்களைத் துணியில் சுற்றி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, நேரே டாக்ஸியில் போனாள்.

முப்பத்து நாலு. குறைவுதான். நோய் இருக்கிறது, லேசான வகை என்றார் டாக்டர். பல் பிடுங்குமுன், பிரசவத்துக்கு முன் சொல்லிவிட வேண்டும், மருந்து உண்டு. பெற்றவர்களில் ஒருவரிடமிருந்து வந்திருக்கும், சொந்தங்களையும் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது இசக்கிசெல்வி அழவில்லை. "அப்ப நோய் நெசந்தான்" என்றாள். கனகவள்ளிக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பாத்தியா, நான் சொன்னது சரியாப் போச்சு" என்று எழுந்தாள் உமாமகேஸ்வரி.

"இரி" என்றாள் கனகவள்ளி. "சுடலைக்கண்ணனைப் பெத்தப்ப உனக்கு ஏழு பாட்டில் ரத்தம் ஏத்துனாவல்லா?"

"அது கண்ணேறு."

"இவ உன் கூடப்பிறந்த அண்ணன் மவ. உங்க வீட்டு ரத்தமாத்தான் இருக்கும். உனக்கும் இருந்து, உன் மவனுக்கும் இருந்தா, இதுங்களுக்குப் பிறக்கது ரெண்டு பக்கத்துலருந்தும் வாங்கிரலாம். அது லேசா இருக்காது."

உமாமகேஸ்வரி இசக்கிசெல்வியைப் பார்த்தாள். பிறகு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து வளையல்களை மேலே தள்ளினாள்.

"எடு. அவனையும் நாளைக்குக் கூட்டியாறேன். ரிப்போர்ட் வரட்டும், பெறவு பேசுவோம்."

கனகவள்ளி நீல மூடிக் குழாயை எடுத்து, அதில் இருந்த கோடு வரை ரத்தத்தை நிரப்பினாள்.

"ஐஸு?" என்றாள் உமாமகேஸ்வரி.

"வேண்டாம்" என்றாள் இசக்கிசெல்வி.