துணியில் ஏறிய உப்பு

1961ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது நாற்பது. மேகம் கிடையாது. மேற்கிலிருந்து அனல் காற்று. உத்திரமேரூரில் எடுத்த வாடகை சைக்கிளில் சாலவாக்கம் போய்ச் சேர்ந்தேன். வழியில் இரண்டு முறை செயின் கழன்றது. இரண்டு முறையும் ஒரு நாயைத் திட்டினேன். எங்கள் கப்பல் அதிகாரி வளர்த்த நாயை.

வங்கக் கடலில் ஆழம் அளக்கும் கப்பல் ஒன்றில் எனக்கு வேலை. ஏப்ரலில் ஒரு விபத்து நடந்து, கப்பல் பழுதுபார்க்கப் போய்விட்டது. பழியை என் தலையில் கட்டி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். புதன்கிழமை சென்னையில் விசாரணை. குற்றம் உறுதியானால், கடலில் மூழ்கிய கருவியின் விலையை என் சம்பளத்தில் பிடிப்பார்கள். உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே ஆள், விடுமுறையில் சாலவாக்கத்துக்கு வந்திருந்த ஒரு மேல்தள ஊழியன்.

என் வேலையைச் சொன்னால்தான் என் கோபம் புரியும். கோடையில் கரையிலிருந்து காய்ந்த காற்று கடலின் மேல் வந்து படிகிறது. நீரை ஒட்டி ஈரக் காற்று, அதற்கு மேல் உலர்ந்த காற்று என்று இரண்டும் கலக்காமல் நின்றுவிடும். மற்ற நாட்களில் நேராகப் போய் வானத்தில் கலையும் ரேடார் அலை, அன்றைக்கு வளைந்து, நீர்மட்டத்தை ஒட்டியே, குழாய்க்குள் ஓடுவதுபோல் வெகுதூரம் ஓடும். கப்பலில் இதை டக்ட் என்போம். டக்ட் உள்ள நாளில் நூற்றைம்பது மைலுக்கு அப்பாலிருக்கும் கரைகூட எதிரொலிக்கும். ஆனால் அந்த எதிரொலி வந்து சேர்வதற்குள் ரேடார் அடுத்த துடிப்பை அனுப்பிவிட்டிருக்கும். புதிய துடிப்புக்குத்தான் பதில் வந்தது என்று எடுத்துக்கொண்டு, ஒன்பது மைலில் நிலம் இருப்பதாகத் திரை காட்டும்.

ஆகவே தினம் மூன்று வேளை கடல்நீரின் வெப்பம், காற்றின் வெப்பம், ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவு, காற்றின் வேகம் என்று நான்கு எண்களை வைத்து, டக்ட் உண்டா, எவ்வளவு உயரம் என்று கணக்கிட்டுச் சொல்வேன். ஈரத்துணி ஒரு பாட்டில் தண்ணீரில் தொங்கும். துணி உலர உலர வெப்பமானி இறங்கும். காற்று எவ்வளவு காய்ந்ததோ அவ்வளவு இறங்கும். அதற்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். நாள்கணக்கில் கடல்நீரை ஊற்றினால் துணியில் உப்பு ஏறி, சரியாக உலராது, குளிராது. காய்ந்த காற்றை ஈரக் காற்று என்று காட்டும்.

நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு என்று சொல்லி, அந்த அதிகாரி பாட்டிலில் கடல்நீரை ஊற்றச் சொன்னார். ஆறு நாள். அந்த ஆறு நாளும் அவருடைய நாய் நல்ல தண்ணீரில் குளித்தது. வெப்பமானிப் பெட்டி மேலே அவருடைய இடத்தில். நான் கீழே, வரைபட அறையில். எண்கள் மட்டும் எனக்கு இறங்கி வரும். தண்ணீர் மாறியது அப்போது எனக்குத் தெரியாது.

ஏழாம் நாள் காலை திரையில் ஒன்பது மைலில் நிலம். வரைபடத்தில் அங்கே ஆழ்கடல். "டக்டா?" என்று அதிகாரி கேட்டார். "கணக்குப்படி இல்லை சார்" என்றேன். நிஜ நிலம்தான் என்று பயந்து கப்பலைச் சட்டென்று திருப்பினார். பின்னால் இழுத்து வந்த கருவியின் கம்பி அறுந்து, கருவி கடலுக்குள் போனது. மேலே ஓடிப் பெட்டியைத் திறந்தேன். துணி வெள்ளையாக, அப்பளம்போல் விறைத்திருந்தது. மதியத்துக்குள் அங்கே புதுத் துணி தொங்கியது.

சாலவாக்கத்தில் அந்த மேல்தள ஊழியன் அப்போதுதான் மாதா கோயிலிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"இன்னா சார், இந்த வெயில்ல வந்துகினு? சொல்லி அனுப்பிச்சிருந்தா நானே வந்திருப்பேனே. நீங்க இந்தத் தெருவுக்கு வந்தது தெரிஞ்சா உங்களுக்குத்தான் பேஜாரு."

"இருக்கற பேஜாரே போதும்ப்பா. பாட்டில்ல இன்னா தண்ணி ஊத்தினே?"

"உப்புத் தண்ணி."

"யார் சொல்லி?"

"உங்களுக்குத் தெரியாதா? அதை ஊத்தினதும் நான்தான், நாயக் குளிப்பாட்டினதும் நான்தான். அதுக்கு வாசனை சோப்பு வேற சார்."

"இதையே புதன்கிழமை வந்து சொல்லு."

அவன் சட்டையை மடித்துக் கொடியில் போட்டான். "சொன்னா உங்க பணம் தப்பிச்சிக்கும். எனக்கு இன்னா ஆவும்? நான் டெம்பரவரி. அடுத்த டிரிப்புக்குப் பேரு எழுதறவரே அவருதான்."

"பெரிய ஆபீசுக்கு உனக்காக நான் மனு போடறேன்."

உள்ளேயிருந்து அவன் மனைவி குரல் கொடுத்தாள்: "உங்க துட்டக் காப்பாத்திக்கவே எங்க வூட்டுக்காரரைத் தேடிகினு வந்துகிறீங்க. எங்க வேலைய நீங்க காப்பாத்தப் போறீங்களா?"

"அப்ப பொய்சாட்சி சொல்லிட்டு வந்து கோயில்ல முட்டி போடு!" என்று கத்தினேன். எதிர்வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

"பொய்யும் சொல்ல மாட்டேன், சாட்சியும் சொல்ல மாட்டேன்" என்றவன் ஒரு சொம்பை நீட்டினான். "குடிச்சிட்டுப் போங்க சார். இது நல்ல தண்ணிதான்."

அந்த நக்கல் இன்னும் எரிகிறது. குடிக்காமல் சைக்கிளை எடுத்தேன்.

விசாரணையில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நல்ல தண்ணீர்தான் ஊற்றச் சொன்னதாக அதிகாரி சொன்னார். ஊழியனையும் வரவழைத்துக் கேட்டார்கள். "ஞாபகம் இல்லீங்க" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு. உப்பு ஏறினால் அளவு எப்படித் தவறும் என்று ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன், கேட்டார்கள். நாய் குளித்ததைச் சொன்னேன், சிரித்தார்கள். "நாய்க்கும் ரேடாருக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்றார் நடுவில் இருந்தவர். சம்பந்தத்தை மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அவன் நிலைமை எனக்குப் புரிந்துவிட்டது, கோபம் போய்விட்டது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நிலைமை புரிந்தது. கோபம் போகவில்லை. அதிகாரிக்கு மறு வருடம் பதவி உயர்வு. எனக்கு மாதம் ஐம்பது ரூபாய் வீதம் முப்பத்தாறு மாதம் பிடித்தம், முப்பத்தேழாம் மாதம் நாற்பத்திரண்டரை ரூபாய். மொத்தம் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்திரண்டு ரூபாய் ஐம்பது காசு.